கஞ்சிக்கோடு பிரஸ் மெஷின்: கோவையில் கொடுத்தால் எடுபடாது

தம்பி, உலோகத்தை அழுத்தும் பிரஸ் மெஷினைக் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புத் தடுப்பு) இல்லாமல் ஓட்டச் சொல்கிறார்கள், வீடு கோவைப் பக்கம், அங்கேயே புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுபடாது. கம்பெனி கேரள எல்லைக்குள் கஞ்சிக்கோட்டில் இருப்பதால் கேரள ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறைக்குத்தான் எழுத வேண்டும். பேர் வெளியே போகுமோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் புகார் தந்தவரை ஆய்வாளர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று 1987-லேயே அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள்.

'பாதுகாப்பு இல்லை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த பிரஸ், எந்த ஷிஃப்ட், கழற்றிய கார்டை எந்தச் சுவரில் சாய்த்திருக்கிறார்கள், அதை எழுதுங்கள். ஆய்வாளரின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்ததும் பத்து நிமிஷத்தில் கார்டைத் திரும்ப மாட்டிவிடுவார்கள் (நானும் ஒரு காலத்தில் மாட்டியவன்தான்). ஆனால் கார்டு கழன்றே கிடந்ததால் அதன் போல்ட் துளையில் அடைந்த கிரீஸும் இரும்புத்தூளும் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.