முதல் நாள் இரவே பிழிந்த ஆரஞ்சுச் சாறு

கேள்வி: மாமியார் வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் சேர்த்து ஆரஞ்சு கேக் செய்கிறேன். ஒரே ஒரு கேக் செய்த காலத்தில் நன்றாக வந்தது. இப்போது மூன்று வேண்டியிருப்பதால் சனிக்கிழமை இரவே சுளைகளை மிக்ஸியில் அடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். ஞாயிறு சுட்டால் கசக்கிறது. பழத்தில் மருந்து அடித்திருப்பார்கள், எசென்ஸ் வாங்கிப் போடுங்கள் என்கிறார் பேக்கரி சாமான் கடைக்காரர். இந்தக் கேக்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் சொல்லும் கசப்பு மருந்தால் வந்ததல்ல, பழத்துக்குள்ளேயே இருப்பது. ஆரஞ்சின் சுளைத்தோலிலும் விதையிலும் வெள்ளை நாரிலும் கசக்காத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தை அரைத்ததும் அது புளிப்புச் சாறோடு கலந்து, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அடித்தவுடன் குடித்த சாறு இனிக்கிறது, இரவு முழுக்க வைத்த சாறு கசக்கிறது. ஃப்ரிட்ஜ் இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அடுப்புச் சூடு மிச்சத்தையும் விரைவாக முடித்துவிடும். ஒரு லிட்டர் சாற்றில் சில மில்லிகிராம் லிமோனின் இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே மற்ற வேலைகளைச் சனிக்கிழமை முடித்துக்கொண்டு, சாற்றை மட்டும் ஞாயிறு காலைக்கு விடுங்கள். மைதாவை அளந்து சலித்து வைக்கலாம். தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும், வெள்ளை தெரிவதற்குள் நிறுத்தித் துருவி, சர்க்கரையில் கசக்கி மூடி வைக்கலாம். வாசனை எண்ணெய் முழுக்கச் சர்க்கரையில் இறங்கிவிடும். ஓவனைச் சூடாக்கப் போட்ட பிறகு பழத்தைக் குறுக்கே வெட்டிக் கையால் பிழிந்து வடிகட்டுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். விதையையும் நாரையும் சேர்த்து அரைத்துக் கசப்பை இழுத்து வருவது அதுதான்.

பழம் வாங்கும்போதும் ஏமாறாதீர்கள். குளிர்காலம் முடியும் மாதங்களில் வடக்கிலிருந்து கின்னோ என்ற ஆரஞ்சு ரகம் வந்து குவிகிறது. பளபளப்பான, சதையோடு ஒட்டிய தோல். உள்ளே விதை நிறைய. அதையும் நாக்பூர் ஆரஞ்சு என்றே கூவி விற்கிறார்கள். நாக்பூர் பழத்தின் தோல் தளர்ந்து, கையோடு உரிந்து வரும். கின்னோ உரித்துச் சாப்பிட அருமையான பழம்தான். ஆனால் அதன் சாறு கசந்துபோவது பழச்சாறு ஆலைகளுக்கே தீராத தலைவலி. சாத்துக்குடிச் சாற்றுக்கும் இதே குணம் உண்டு. எந்த ரகமானாலும் நன்றாகப் பழுத்ததில் கசப்பு குறைவு.

கடைக்காரர் சொன்ன எசென்ஸைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன். கசப்புக்கு அது மருந்தல்ல. கசப்பு அப்படியே இருக்கும், மேலே ஒரு மிட்டாய் வாசனை சேரும், அவ்வளவுதான். ‘செயற்கை மணமூட்டி’ என்று பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை யாரும் படித்துச் சொல்வதில்லை. கூடவே பெயரில்லாத பொட்டலத்தில் ஆரஞ்சு கலர் பொடி தருவார்கள். அதைத் தொடாதீர்கள். உணவில் தடை செய்யப்பட்ட மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயம் புழங்குவது இப்படிப்பட்ட பொட்டலங்களில்தான்.

தோலைத் துருவுவதால் மெழுகு பற்றியும் ஒரு வார்த்தை. தேன்மெழுகு, கார்னௌபா என்ற பனை இலை மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றைப் பழத்தின் மேல் பூச நம் உணவுச் சட்டம் அனுமதிக்கிறது. பூசியதை லேபிளில் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த லேபிள் மொத்த வியாபாரியின் அட்டைப்பெட்டியோடு போய்விடுகிறது. தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் வாங்குகிறவருக்கு எதைக் காட்டுவார்கள்? விதி எழுதியவர்கள் ஒருநாள் சந்தைக்கு வந்து பார்க்க வேண்டும். நீங்கள் வெதுவெதுப்பான நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் துருவுங்கள். மெழுகு கசக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முழு ஆரஞ்சையும் தோலோடு அரைத்துச் செய்யும் பாதாம் கேக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வேறு முறை. மெல்லிய தோல் பழத்தை முழுதாக, நிறையத் தண்ணீரில், ஒன்றரை இரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். கசப்பின் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். இடையில் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது. ஆறியதும் பிளந்து, ஒரு விதைகூட விடாமல் பொறுக்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். அப்போதும் லேசான கசப்பு இருக்கும். அந்தக் கேக்குக்கு அது அழகு. பச்சையாக அரைத்தால் அதே கேக்கை வாயில் வைக்க முடியாது.

புதிதாகப் பிழிந்த சாற்றில் செய்த கேக்கும் கசந்தால் சமையல் சோடாவைக் குறையுங்கள். சோடா கூடிப்போனாலும் கேக் கசக்கும்.

மூன்று கேக்கையும் முழுக்க ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, திருப்பூர் வெயிலில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாளுக்குள் சாப்பிடச் சொல்லுங்கள், மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.