ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு வேகமா?

கேள்வி: அபிஜித் (வேகா) நட்சத்திரத்தின் சுழற்சி நொடிக்குச் சுமார் 20 கி.மீ. என்கிறார்கள், 170-க்கு மேல் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: இரண்டும் சரிதான். நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோட்டின் அகலம், நம்மை நோக்கி வருவது, விலகுவது ஆகிய வேகத்தை மட்டுமே காட்டும். அபிஜித்தின் துருவம் ஏறக்குறைய நம் பக்கம் திரும்பியிருக்கிறது. பம்பரத்தை உச்சியிலிருந்து பார்ப்பதுபோல. அதனால் 20தான் தெரிகிறது. துருவம் அதிக வெப்பமாகவும் நடுக்கோடு மங்கலாகவும் இருப்பதை வைத்தே உண்மை வேகத்தைக் கணித்தார்கள். (சாரல் விட்ட ஆடி இரவில், பத்து மணி வாக்கில், உங்கள் ஊரில் வடக்கே 60 பாகை உயரத்தில் பாருங்கள்.)

சூரியனைப் போன்ற நட்சத்திரமானால் கரும்புள்ளிகளால் ஒளி ஏறி இறங்கும் காலத்தை அளக்கலாம். ஆரத்தைச் சூரிய ஆரத்தின் மடங்கில் எடுத்து, 50.6-ஆல் பெருக்கி, சுழற்சி நாட்களால் வகுங்கள். நடுக்கோட்டு வேகம் கிடைக்கும். சூரியனுக்கு 25 நாள், ஆக 2 கி.மீ. ஆரம் 1, காலம் 5 நாள் என்றால் 10 கி.மீ. நிறமாலை 7 காட்டினால் அச்சு சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 14 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்: ஆரத்தைக் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம், அல்லது ஒட்டியுள்ள துணை நட்சத்திரத்தின் கோடும் கலந்திருக்கலாம். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளிகள் இருந்தாலோ காலம் பாதியாகத் தெரிந்து, கணக்கிட்ட வேகம் இரட்டிப்பாகிவிடும்.

பிரிதிறன் (அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 50,000 உள்ள கருவியே 6 கி.மீ. அளவுக்கு நிறமாலைக் கோட்டை அகலப்படுத்தும். மெதுவாகச் சுழல்பவற்றுக்கு ஒளிமாற்றக் காலத்தையே நம்புங்கள்.