கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்கு மூன்று மாடி வீட்டை ஒப்பந்தத்தில் கட்டிக் கொடுக்கிறோம். செலவை வேலைவாரியாகப் பார்க்க பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

விலைமனுவை அப்படியே பட்ஜெட்டாக்காதீர்கள். அது வீட்டுக்காரருக்குச் சொன்ன விலை. உங்கள் இலாபமும் அதற்குள் இருக்கிறது. அதைக் கழித்து அடக்கவிலையை எடுங்கள்.

பிறகு அத்திவாரம், கொங்கிரீட், சுவர்க்கட்டு, பூச்சு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணக்கு இலக்கம் கொடுங்கள். அதற்குள் பொருள், கூலி, வாடகை. மணல் வந்தால் எத்தனை கியூப் கொங்கிரீட்டுக்கு, எத்தனை பூச்சுக்கு என்று பாஸிடம் (தலைமை மேசனிடம்) அன்றைக்கே கேட்டு எழுதுங்கள் (ஒரு கியூப் 100 கன அடி). மாதக் கடைசியில் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்.

நிரல்கள் நான்கு: பட்ஜெட், ஓடர் கொடுத்தது, செலவானது, இன்னும் தேவைப்படுவது. பலர் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். கம்பிக்கு ஓடர் கொடுத்த பணம், பில் வரும்வரை மிச்சம்போலத் தெரிந்து ஏமாற்றும். வற் (VAT) வரியை மீளப் பெற முடியாதவரென்றால் 2024 முதலான 18 வீதத்தையும் அடக்கவிலையில் சேருங்கள்.