அமெரிக்க வரலாறே படிக்காத பிள்ளை ஏ-புஷ் எடுக்கலாமா?

கோவையில் சிபிஎஸ்இ-யில் பத்தாவது முடித்துவிட்டு டாலஸ் பக்கம் வந்திருக்கும் உங்கள் மகள், ஆகஸ்டில் 11ஆம் வகுப்பு போகிறாள். கவுன்சிலர் ஏபி அமெரிக்க வரலாறு, அதாவது ஏ-புஷ், எடுக்கச் சொல்கிறார் (ஏபி என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்). ஆனால் அவளுக்கு வாஷிங்டன், லிங்கன் தவிர யாரையும் தெரியாது, கூடப் படிக்கிற பிள்ளைகளோ சின்ன வகுப்பிலிருந்தே படித்தவர்கள், சமாளிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம், சகோதரி. வரலாறு தெரியாதது பெரிய தடை இல்லை. இங்கத்திப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் 1877 வரை படித்ததில் பாதி இந்நேரம் மறந்திருக்கும். தடை வருமானால் ஆங்கில வாசிப்பில்தான் வரும். 1776 சுதந்திரப் பிரகடனத்தின் முதல் இரண்டு பத்திகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அகராதி இல்லாமல் பத்து நிமிடத்தில் சாரத்தைச் சொல்லிவிட்டால் துணிந்து சேர்க்கலாம். திணறினால் கோடை விடுமுறையை அந்த நடைக்குப் பழகவே செலவிடுங்கள். அந்தக் கால ஆவணங்களில் 'ட்யூட்டீஸ்' என்றால் கடமைகள் இல்லை, சுங்க வரி. 'இந்தியன்ஸ்' என்றால் நாம் இல்லை, அங்கிருந்த பூர்வகுடிகள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அவசரத்தில் ஆவணத்தையே தலைகீழாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு.

டெக்சாஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண 11ஆம் வகுப்பு வரலாறு 1877-க்குப் பிறகுதான் தொடங்கும். ஏபி வகுப்பு 1491-லிருந்து தொடங்கும். பிரிட்டிஷ் குடியேற்றக் காலம், புரட்சி, அரசியலமைப்பு எல்லாம் ஏபி-யில் மறுபடி விரிவாக வரும். ஆகவே உங்கள் மகளுக்கு நிஜமான பளு முதல் மூன்று மாதம்தான்.

பாடம் ஒன்பது காலகட்டமாகப் பிரிந்திருக்கிறது. தேர்வில் 1491–1607க்கு 4–6%, 1607–1754க்கு 6–8%, 1754–1800க்கு 10–17%. கொலம்பஸிலேயே ஒரு மாதத்தைக் கரைக்க வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். கோடையில் ஆறு வாரம், தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் முதல் பகுதிக்கு ஒரு வாரம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்று வையுங்கள். கான் அகாடமியில் இந்தப் பாடம் முழுக்க இலவசமாக இருக்கிறது.

இனி எப்படிப் படிப்பது. நம் ஊர்ப் பழக்கம் தேதியையும் பெயரையும் உருப்போடுவது. இங்கே 55 கொள்குறி வினாக்களும் ஏதாவது ஒரு பத்தி, படம், வரைபடத்தை ஒட்டித்தான் வரும். "ஸ்டாம்ப் சட்டம் எந்த ஆண்டு?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். (பத்திரம், செய்தித்தாள் போன்ற தாள்களுக்கு பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் போட்ட வரி அது.) அது ஏன் வந்தது, யாரை உறுத்தியது, அதனால் அடுத்து என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சட்டத்துக்கும் இந்த மூன்றையும் அரைப்பக்கத்தில் எழுதி, அடுத்த சட்டத்தோடு கோர்த்துக்கொண்டே போகட்டும். 1763-இல் பிரான்ஸுடன் போர் முடிந்தது, பிரிட்டனுக்குக் கடன் ஏறியது. அதை அடைக்க 1764-இல் சர்க்கரைச் சட்டம், 1765-இல் ஸ்டாம்ப் சட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் 1766-இல் ஸ்டாம்ப் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் "உங்கள் மேல் சட்டம் போடும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று அதே கையோடு அறிவித்தார்கள். 1767-இல் கண்ணாடி, தாள், தேயிலை போன்ற இறக்குமதிகள் மேல் டவுன்ஷெண்ட் வரிகள். இந்தச் சங்கிலி கைக்கு வந்துவிட்டால் தேதிகள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சங்கிலி இல்லாமல் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் 1773 தேநீர்ச் சட்டம். "தேயிலை விலையை ஏற்றினார்கள், மக்கள் கொதித்தார்கள்" என்று எழுதுவார்கள். உண்மையில் அந்தச் சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது. நொடித்துப்போயிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி குடியேற்றங்களில் நேரடியாக விற்க அனுமதி தந்தார்கள். பவுண்டுக்கு 3 பென்ஸ் என்ற பழைய டவுன்ஷெண்ட் வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவாக வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும், உள்ளூர் வியாபாரிகள் பிழைப்பும் போய்விடும். 342 பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத் தண்ணீருக்குள் போனது அதனால்தான்.

அடுத்து டிபிக்யூ எனும் ஆவணக் கட்டுரை. ஏழு ஆவணம், 60 நிமிடம், 7 புள்ளி, மொத்த மதிப்பெண்ணில் 25%. நான்கு ஆவணங்களையாவது தன் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்தினால்தான் அந்தப் பங்கின் 2 புள்ளியும் கிடைக்கும். வரிகளை எடுத்தெழுதினால் மட்டும் கணக்கில் வராது. இரண்டு ஆவணங்களுக்காவது யார், யாருக்காக, எதற்காக உண்டாக்கினார் என்பதையும், அது வாதத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதையும் சொன்னால் இன்னொரு புள்ளி. பாஸ்டன் படுகொலை (பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தது) பற்றி பால் ரெவியர் என்ற பாஸ்டன்காரர் 1770-இல் அச்சிட்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்கள் ஒரே வரிசையில் நின்று சுடுகிறார்கள், பின்னால் அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவிடுகிறார், மேலே கட்டடத்தில் 'கசாப்புக்காரன் கூடம்' என்று பெயர்ப்பலகை. "ரெவியர் ஒரு தேசபக்தர், எனவே சார்பு உண்டு" என்று எழுதினால் பூஜ்யம். "நெரிசலில் நடந்த குழப்பமான சூட்டைத் திட்டமிட்ட கொலையாகக் காட்டியிருக்கிறார். மற்றக் குடியேற்றங்களையும் படைக்கு எதிராகத் திருப்புவதே நோக்கம். அதனால் இது நடந்ததைவிட, எதிர்ப்பு எப்படித் திரட்டப்பட்டது என்பதற்கே நல்ல சாட்சி" என்று எழுதினால் புள்ளி. வழக்கில் சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், எட்டுப் பேரில் ஆறு பேர் விடுதலை. ஆவணத்தில் இல்லாத இந்தச் செய்தியை வாதத்தோடு பொருத்தினால், வெளிச் சான்றுக்கான தனிப் புள்ளியும் கிடைக்கும்.

எஸ்ஏக்யூ எனும் குறுவினாக்கள் மூன்று, 40 நிமிடம். இதில் முன்னுரை, முடிவுரை எழுதுவது நம் பிள்ளைகளின் தீராத வழக்கம். அவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அ, ஆ, இ ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியத்தில் நேரே பதில். எல்இக்யூ எனும் நீள் கட்டுரையில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், முதலாவது எப்போதும் 1491–1800. கோடையிலேயே இந்தப் பகுதியை ஊன்றிப் படித்தவளுக்கு மொத்த மதிப்பெண்ணில் இந்தக் கட்டுரைக்குள்ள 15% பக்கத்துணை. எல்லாமே இப்போது புளூபுக் எனும் தேர்வுச் செயலியில் தட்டச்சுதான், ஆகவே வேகமாகத் தட்டவும் பழகட்டும்.

வகுப்புத் தேர்வுகளில் பிள்ளைகள் மாற்றிக் குழப்பிக்கொள்வது எப்போதும் ஒரே ஆட்களைத்தான். இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே பிரிந்து 1620-இல் பிளிமத் வந்த பில்கிரிம்கள் வேறு, அதற்குள் இருந்தே அதைச் சீர்திருத்த நினைத்து 1630-இல் மாசசூசெட்ஸ் பே வந்த பியூரிட்டன்கள் வேறு. 1787-இல் அரசியலமைப்பை ஆதரித்த ஃபெடரலிஸ்ட்கள் வேறு, 1790-களில் உருவான ஃபெடரலிஸ்ட் கட்சி வேறு. பின்னாளில் அதிபரான மேடிசன் முன்னதில், முதல் நிதியமைச்சரான ஹாமில்டனோடு இருந்தவர், பின்னதில் அவருக்கு எதிரணி.

நம் ஊர்ப் படிப்பு வீண் இல்லை. நிரந்தர நிலவரித் திட்டத்தில் அவள் படித்த காரன்வாலிஸ்தான் 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தவர். 1763-இல் முடிந்த போர் நடந்தது அமெரிக்கக் காடுகளில் மட்டுமல்ல. 1760 வந்தவாசிச் சண்டையும் 1761-இல் பாண்டிச்சேரி விழுந்ததும் அதே போர்தான். பிரிட்டனின் கடன் ஏன் அவ்வளவு ஏறியது என்று பின்னணி எழுத அவளுக்கு இது கைகொடுக்கும். ஒரு வரி போதும், பத்தி வேண்டாம்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பொறியியல் படிப்பவர்களுக்குக்கூட 6 கிரெடிட் (பாட அலகு) அமெரிக்க வரலாறு கட்டாயம். ஏபி தேர்வில் 5-க்கு 3 வாங்கினாலே அங்கே பொதுவாகக் கிரெடிட் தருவார்கள், 3 கிரெடிட் கிடைக்குமா 6 கிரெடிட் கிடைக்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 4, 5 எதிர்பார்க்கும். இதற்கு மாற்றாக டூயல் கிரெடிட் வகுப்பையும் (ஒரே வகுப்புக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் கிரெடிட்) கவுன்சிலர் சொல்லலாம். அதில் ஒற்றைத் தேர்வு பயம் இல்லை, ஆனால் வருகிற கிரேடு கல்லூரிச் சான்றிதழில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். புதிதாக வந்த பிள்ளைக்கு ஏபிதான் மேல் என்பது என் கருத்து: மே மாதத் தேர்வில் சொதப்பினால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம்.

கவுன்சிலரிடம் மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏபியிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாற எந்தத் தேதி வரை விடுவார்கள், அப்படி மாறினால் அதுவரை வாங்கிய கிரேடு கூடவே வருமா, ஏபி வகுப்புக்கு ஜிபிஏ-யில் (சராசரி கிரேடில்) எவ்வளவு கூடுதல் எடை. தேர்வுக்கான பதிவு மே மாதத்தில் இல்லை, நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும்.