தோழியின் புத்தகத்தை ஏன் திறக்க முடியவில்லை?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். கல்லூரி நாட்களில் நானும் என் தோழியும் ஒன்றாகச் சிறுகதை எழுதத் தொடங்கினோம். எதை எழுதினாலும் முதலில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். இந்த ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் அவளுடைய இரண்டாவது தொகுப்பு வெளிவந்தது. அதற்குப் பரிசும் கிடைத்திருக்கிறது. என் கதைகளோ இரண்டு சிற்றிதழ்களில் வந்ததோடு நின்றுவிட்டன. முகநூலில் அவளை வாழ்த்திவிட்டேன். புத்தகத்தைத்தான் திறக்க முடியவில்லை. அதைக் குறைகூறி ஒருவர் எழுதிய விமர்சனத்தைப் படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி பிறந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது. வேலையும் குழந்தையும் போக எழுத உட்கார்ந்தால் அவள் நினைவே வருகிறது. நான் கெட்டவளா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை, அம்மா. தோழியின் கதைகளில் ஆழமில்லை என்றோ, பரிசுக் குழுவில் அவருக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள் என்றோ எழுதி, உங்கள் மனத்தாங்கலுக்கு நியாயம் தேடியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யாமல், உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள். அந்த விமர்சனத்தைப் படித்து நிம்மதி அடைந்தது உங்களைக் கேட்டு நடந்ததல்ல. அதை இன்னொருவருக்கு அனுப்பி, "பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தால்தான் அது நீங்கள் செய்த செயலாகியிருக்கும். அதுவரை அஞ்ச வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் எத்தனையோ எழுத்தாளர்கள் பரிசு பெறுகிறார்கள். அவர்களில் ஒருவரும் உங்கள் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. ஒரு திறமையை அளந்து பார்க்கப் புறத்தே அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரோடு ஒப்பிட்டுத் தம்மை அளக்கிறார்கள் என்றும், அதற்குத் தம்மைப் போன்றவர்களையே தேர்ந்துகொள்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். ஓட்டக்காரருக்குக் கடிகாரம் இருக்கிறது. சிறுகதை எழுதுபவருக்கு அப்படி ஒன்று இல்லை. எனவே, ஒரே வயதில், ஒரே ஆசையோடு, உங்கள் பக்கத்திலிருந்தே தொடங்கிய தோழி அளவுகோலாகிவிட்டார். அவர் மீது உங்களுக்குள்ள அன்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை.

ஆனால் தோழியிடம் இருப்பவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பரிசும் மேடையுமா, அவருடைய நடையா, கதைகளை முடித்து அனுப்பும் ஒழுங்கா, அல்லது எழுதுவதற்கு அவருக்கு வாய்த்திருக்கும் நேரமா? வேலையையும் குழந்தையையும் நீங்கள் ஒரே தொடரில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேதான் நின்றேன். உங்களுக்கு வேண்டியது நேரம் என்றால், வாரத்தில் எந்த மாலை உங்களுடையது என்பதை வீட்டில் இருப்பவர்களோடு பேசித் தீர்மானியுங்கள். தோழியின் புத்தகம் வெளிவராமலே போயிருந்தாலும் அந்தப் பேச்சு தேவைப்பட்டிருக்கும். புத்தகம்தான் வேண்டும் என்றால், முடிந்த கதைகள் எத்தனை கைவசம் இருக்கின்றன, அவற்றை எந்த இதழுக்கு அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் தோழியின் கணக்கு முழுமையாக இருக்கிறது. உங்களுடைய கணக்கு இல்லை.

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்தில் பிறந்து நண்பர்களாக வளர்ந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி 1940களிலேயே சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்டு, பத்திரிகைப் பணிக்காகச் சென்னைக்கும், 1950களில் மலாயாவுக்கும் சென்றார். ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி.ரா.வின் 'மாயமான்' என்ற சிறுகதை 1958இல் 'சரஸ்வதி' இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. அழகிரிசாமி நண்பருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வந்தன. 1970இல் அழகிரிசாமி மறைந்த பின் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது, கி.ரா.வுக்கு அது 1991இல் கிடைத்தது. பிந்தி வந்தாலும் விருது வந்தே தீரும் என்று உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை; நன்றாக எழுதிய பலருக்கு அது கடைசிவரை வந்ததே இல்லை. ஒரே ஊரின் மண்ணையும் மனிதர்களையும் ஒருவர் முன்பே எழுதிவிட்டதால் மற்றவருக்கு எழுத எதுவும் இல்லாமல் போகவில்லை என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். உங்கள் தோழியின் தொகுப்பில் உங்கள் கதை ஒன்றுகூட இல்லை. அதை எழுதக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

அந்தப் புத்தகத்தை விரைவில் திறந்துவிடுங்கள், ஏனெனில் படிக்காத புத்தகம் மனத்துக்குள் அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாக வளர்ந்துகொண்டே போகும். ஓர் இரவில் ஒரு கதை போதும். பிடித்த இடத்தில் பென்சிலால் கோடிட்டு, அந்த இடத்தைக் குறிப்பிட்டே அவருக்கு எழுதுங்கள். முகநூலில் நூறு பேர் எழுதிய வாழ்த்தைவிட அது அவருக்குப் பயன்படும். உங்கள் பொறாமையை அவரிடம் சொல்ல வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். தம் மகிழ்ச்சியின் நடுவே உங்களைத் தேற்றும் பொறுப்பை அவர் ஏன் சுமக்க வேண்டும்? அதற்குப் பதிலாக, பாதியில் நிற்கும் உங்கள் கதை ஒன்றை, முன்போலவே அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: என்னோடு உதவி இயக்குநராக இருந்தவர் இப்போது இரண்டாவது படத்தை இயக்கப் போகிறார். தன்னிடம் இணை இயக்குநராக வரச் சொல்கிறார். போனால் மனம் வெந்துபோகும். போகாவிட்டால் வருமானம் இல்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவரைப் படப்பிடிப்புத் தளத்தில், அத்தனை பேர் முன்னிலையில், 'சார்' என்று அழைக்க உங்களால் முடியுமா என்பதை முதலில் பாருங்கள். முதல் சில நாட்கள் கடினமாகவே இருக்கும். ஆனாலும் குடும்பத்துக்கு வருமானம் வேண்டியிருப்பதால், சேர்ந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. சம்பளம், டைட்டில் கார்டில் பெயர், எத்தனை மாத வேலை ஆகிய மூன்றையும் நட்பை நம்பி விட்டுவிடாமல் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தத் திரைக்கதையின் காட்சிகளை அவருடைய கதை விவாதத்தில் எடுத்து வைக்காதீர்கள். வேலையில் சேருவதற்கு முன்பே அந்தத் திரைக்கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். பின்னாளில் அவர் படத்தில் உங்கள் காட்சியின் சாயலைக் கண்டதாக உங்களுக்குத் தோன்றினால், சண்டை மூளாமல் பேசித் தீர்க்க அந்தத் தேதி இருவருக்குமே உதவும்.