ஏரிக்கரைக் காணியைத் திருவிழாக் காலத்தில் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: 27 வருடமாகக் கனடாவில் இருக்கிறேன். வயது 61. இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட எண்ணம். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது தரகர் ஒருவர் இரண்டு இடம் காட்டினார். ஒன்று அரியாலை கிழக்கில், கடல்நீரேரிக் கரையில் 6 பரப்பு. புதிதாகத் துண்டு பிரித்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருந்து வருகிற நம்மவர்கள்தான் என்றார். தண்ணீர் நன்றாகத் தள்ளித்தான் கிடந்தது. மற்றது தென்மராட்சியில் ஒரு குளத்தடியில் 8 பரப்பு, விலை குறைவு. குடியிருக்க எது நல்லது? வேறு ஆட்களும் கேட்கிறார்கள், உடனே முற்பணம் அனுப்புங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார்.

பதில்: முற்பணம் அனுப்பாதீர்கள். மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு.

நான் காணி அளக்கிறவன். சங்கிலி இழுத்து அளந்த காலத்தில் தொடங்கினேன். இந்த ஊரில் காணித் தரகுக்கு ஒரு பருவம் உண்டு, அது நல்லூர்க் கொடியேற்றத்தோடு தொடங்கும். வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வருகிற நேரம் அதுதான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத் தரகர் சொல்லமாட்டார். ஆடி, ஆவணியில் எங்கள் கடல்நீரேரி வற்றிச் சுருங்கிக் கிடக்கும். நீங்கள் பார்த்த அந்த வெளி, காற்று, தூரத்தில் மினுங்கிய தண்ணீர் எல்லாம் கோடைக் காட்சி. யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதுதான் எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு. ஏரியோ ஆழமில்லாதது, கரையோ தட்டை. தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தாலே கரை வெகுதூரம் உள்ளே வந்துவிடும். நீங்கள் 'நன்றாகத் தள்ளி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தள்ளி இருந்த இடத்துக்கு ஊரில் தரவை என்று பெயர். கோடையில் மாடு மேயும், மாரியில் மீன் மேயும்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு காணியைக் கோடையில் அளந்து நான்கு மூலைக்கும் கல் நட்டுக் கொடுத்தேன். கார்த்திகையில் வாங்கியவர் கூப்பிட்டு, மூன்று கல்லைக் காணவில்லை, யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்றார். போய்ப் பார்த்தால் மூன்றும் தண்ணீருக்குள். நாலாவது கல்லின் மேல் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. என் பிளானில் பிழை இல்லை. ஆனால் பிளான் காணியின் நீள அகலத்தைச் சொல்லும். கேட்டால் ஒழிய மாரியில் தண்ணீர் எதுவரை வரும் என்று சொல்லாது. அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

கார்த்திகையில் ஒருமுறை வாருங்கள். வரவே முடியாது என்றால், இந்த விற்பனையில் ஒரு சதமும் கிடைக்காத உறவுக்காரர் யாரையாவது அனுப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பழைய வீடு இருந்தால் அங்கே போய் 2008இல் நிஷாப் புயலுக்கும் 2020இல் புரெவிக்கும் 2024இல் ஃபெங்கலுக்கும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்கட்டும். ஆட்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். கேட்பதற்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடுகூட இல்லையா? அதுவே பதில்தான். காணிக்குள் உமரிப் பூண்டு முளைத்திருந்தால் உப்புத் தண்ணீர் அங்கே வந்துபோகிறது என்று அர்த்தம். பனை நிற்கிறதே என்று ஏமாறவேண்டாம், பனை கொஞ்சம் உப்பையும் பொறுக்கும். விற்பதற்கு முன் கிரவல் கொட்டி மட்டப்படுத்தியிருந்தால் உமரியும் தெரியாது. அப்படிக் கொட்டிய காணி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

அப்புறம் கிணறு. வெள்ளம் வருடத்தில் சில நாள், கிணறு எல்லா நாளும். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீரின் மேல், குழம்பின் மேல் எண்ணெய் நிற்பதுபோல மிதந்து நிற்கிறது. நடு ஊரில் இந்த நல்ல நீர்ப்படை தடிப்பாக இருக்கும், ஏரிக்கரைக்கு வரவர மெல்லிசாகும். நிலாவரைக் கிணற்றைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். வற்றாத கிணறு என்று பெருமையாகச் சொல்வோம், ஆனால் அங்கேயே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் சவர். ஊருக்குள் இருக்கிற கிணற்றுக்கே அந்த நிலை என்றால் கரையில் உள்ள கிணற்றை யோசியுங்கள். மோட்டரைப் போட்டுப் பெரிய தாங்கியை நிரப்ப நிரப்ப, அடியில் உள்ள உப்பு மேலே ஏறும். இன்னும் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தால் நல்ல தண்ணீர் வரும் என்று ஒருவர் வருவார். கரையோரத்தில் ஆழமாகப் போகப் போக உப்புத்தான் கிட்டவரும். அவருக்கு அடிக்குக் கூலி. ஆழம் கூடினால் அவருக்கு லாபம்.

கிணற்று நீரைப் புரட்டாசியில், மழைக்கு முன், வாயில் ஊற்றிப் பாருங்கள். மாரியில் எல்லாக் கிணறும் இனிக்கும். பருப்பு அவிகிறதா, சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிக்கு ஒரு போத்தலில் எடுத்து நீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்போடு நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சுண்ணாம்புக்கல்லில் மலக்குழி நீர் கிணற்றுக்குச் சீக்கிரம் வந்துசேரும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, குழாய்த் தண்ணீர் வந்துவிடும் என்று தரகர் சொல்லக்கூடும். நிலையம் திறந்தது உண்மை. உங்கள் ஒழுங்கைக்குள் குழாய் வந்து, உங்கள் வளவுக்கு இணைப்பும் கிடைத்தால்தான் அது உங்களுக்குத் தண்ணீர்.

சரி, ஏரிக்கரையே ஆகாதா? ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எல்லாரும் இதைத் தங்களுக்கு ஏற்றபடி வளைப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குருநகர், பாசையூர், கொழும்புத்துறை எல்லாம் பரவைக் கடலின், அதாவது இதே ஆழமில்லாத ஏரியின், விளிம்பில்தான் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இருக்கிறார்கள். செல்வச்சந்நிதி முருகனும் தொண்டைமானாற்றங்கரையில்தான் இருக்கிறார். பழைய ஆட்கள் மேடு பார்த்துக் கோயிலை வைத்தார்கள், நல்ல கிணறு பார்த்து வீட்டை வைத்தார்கள், பள்ளத்தைத் தண்ணீருக்கும் மாட்டுக்கும் விட்டார்கள். ஆகவே, ஏரிக்கரையில் பழைய குடியிருப்பு இருக்கிற இடத்தில், அந்தக் குடியிருப்புக்கு உள்ளே கிடைக்கிற வளவு என்றால் வாங்கலாம். உள்ளே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்தில், அடுத்ததாக, கூப்பிடு தூரத்தில் என்பதெல்லாம் கணக்கில் வராது. பழைய வீடுகள் எந்த வேலியோடு நிற்கின்றனவோ, அந்த வேலிக்கு அப்பால் யாரும் அந்தக் காலத்தில் வீடு கட்டாததற்குக் காரணம் இருக்கும். போன வருடம் கட்டிய கோயில் இந்தக் கணக்கில் சேராது. யுத்தத்தில் ஆட்கள் போய்விட்டதால் வெறுமையாகக் கிடக்கிறது என்று ஒரு கதை சொல்வார்கள். அது உண்மையாக இருந்தால் அத்திவாரமோ, தூர்ந்த கிணறோ, முற்றத்து வேம்போ ஏதாவது தடயம் இருக்கும். அந்தக் கிணற்றை இறைத்துப் பாருங்கள். ஒரு தடயமும் இல்லையென்றால் அது வளவு இல்லை, தரவை.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பழைய ஊருக்குள் போனால் கரையை மதில் கட்டி மறிக்க முடியாது. சிறகுவலைக்குப் போகிறவர் விடியற்காலை உங்கள் வேலியோரமாகத்தான் போவார்; வலை காயும், கருவாடு மணக்கும், கோடையில் ஏரிச்சேறும் மணக்கும். அது உங்கள் மனைவிக்குச் சம்மதமா என்று கேளுங்கள். தரகர் சொல்கிற 'எல்லாரும் வெளிநாட்டு நம்மவர்கள்' குடியிருப்பில் இந்தத் தொல்லை இல்லைத்தான். ஆனால் அவர்கள் எல்லாரும் ஆவணியில் வந்து புரட்டாசியில் போய்விடுவார்கள். மார்கழி இரவில் முற்றத்தில் தண்ணீர் ஏறும்போது நீங்கள் இருவரும் பூட்டிய படலைகளுக்கு நடுவில் இருப்பீர்கள். அறுபது வயதுக்கு மேல் ஊருக்கு வருகிறவருக்கு வீட்டைவிட அயல் முக்கியம்.

குளத்தடிக் காணிக்கு வருவோம். இரண்டில் ஒன்று என்றால் என் வாக்கு இதற்குத்தான், ஆனால் காணி குளத்தின் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் குளங்கள் மழைநீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குகிறவை. அதனால் குளத்தடிக் கிணறு பொதுவாக நல்ல கிணறு. ஆனால் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் தேங்குகிற பக்கம், என்றால் குளம் நிரம்பும்போது காணியும் குளம். கட்டுக்குக் கீழே என்றால் அது வயல். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்பவோ அதில் வீடு கட்டவோ முடியாது. குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வான் பாய்கிற வழியில் என்றால் சொல்லவே வேண்டாம். குளத்தின் பக்கவாட்டு மேட்டில், உறுதி என்கிற உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணியாக இருந்தால் வாங்கலாம். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது, அதை விட்டுவிடுங்கள்.

விலை குறைவு என்கிறீர்களே, அந்த 8 பரப்பு எந்தக் கணக்கு? வளவுக்கும் தோட்டத்துக்கும் 16 பரப்பு ஓர் ஏக்கர். வயலுக்கு நெற்கணக்கு, அதில் 24 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் நெற்கணக்கு என்று இருந்தால் உங்கள் 8 பரப்பு, நீங்கள் மனதில் நினைக்கிற 5 பரப்பும் கொஞ்சமும்தான். விலையும் அப்போது குறைவு இல்லை.

அரியாலைக் காணிக்குச் சட்டத்தில் ஒரு சொல் போதும். கடலோடு தொடுப்புள்ள ஏரியின் கரையில் இருந்து 100 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் பிரதேச சபை அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அந்த 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். அடுத்த அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனால் ஒரு அளவையாளரைப் பிடியுங்கள் என்றார்கள். நான்தான் அந்த அளவையாளர் என்றேன். கடிதமாக எழுதித் தாருங்கள் என்றார்கள். தந்தேன், இன்னும் பதில் இல்லை. ஏரியைச் சுற்றிக் கல் நட்டு, இதுதான் எல்லை என்று காட்டிவிட்டால் தரகர்களில் பாதிப்பேர் வேறு தொழில் தேடவேண்டியிருக்கும். அதுவரை, கட்டிட அனுமதியை விற்கிறவரே எடுத்துத் தரட்டும், அதன் பிறகு உறுதி எழுதலாம் என்று சொல்லுங்கள். தரகரின் முகம் மாறுவதை வட்ஸ்அப்பிலேயே காணலாம்.

மனைவியின் பெயரையும் உறுதியில் சேர்ப்பதென்றால் அவருக்கும் இலங்கைக் குடியுரிமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் மறிக்கும். தம்பியின் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்கவேண்டாம். விற்கிறவர் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்துக்கு) உட்பட்ட, திருமணமான பெண் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் இன்றைய சட்டப்படி வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பிரிபடாத பங்கு என்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. இரண்டையும் உறுதி எழுதுகிற உங்கள் நொத்தாரிசு பார்ப்பார். உங்கள் நொத்தாரிசு என்றேன், தரகர் கூட்டிவருகிறவர் வேண்டாம்.

இதை நீங்கள் வாசிக்கும்போது முற்பணம் போயிருந்தால், என்ன எழுதி வாங்கினீர்கள் என்று பாருங்கள். காணி விற்கிறேன் என்கிற உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும் என்று 1840இலேயே சட்டம் போட்டாயிற்று. கொப்பி ஒற்றையில் முத்திரை ஒட்டி எழுதிய துண்டை வைத்துக்கொண்டு காணியைக் கேட்க முடியாது. பணத்தைத் திருப்பித் தா என்று கேட்கத்தான் அது உதவும். அதைப் படம் எடுத்து, பணம் அனுப்பிய வங்கித் துண்டோடு சேர்த்து, இந்தக் கிழமைக்குள் உங்கள் நொத்தாரிசுக்கு அனுப்புங்கள்.