சோலார் கழிவறையும் வீட்டுக் கழிவுநீரும்: கேள்வி பதில்

வீட்டுக் கழிவுநீர் வேலையில் 18 வருஷமாக இருக்கிறேன். படித்தது சிவில். கற்றுக்கொண்டது பெரும்பாலும் திறந்த தொட்டிகளின் ஓரத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு. சோலார் கழிவறை பற்றி ஒருமுறை பேசப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

மேடம், ஒரு கண்காட்சியில் சோலார் டாய்லெட் பார்த்தேன். செப்டிக் டேங்க் வேண்டாம், சாக்கடை வேண்டாம், வெயிலே சுத்தம் செய்துவிடும் என்றார்கள். உண்மையா? (நாகப்பட்டினம்)

சோலார் என்று ஒரே பெயரைச் சொல்லி மூன்று வெவ்வேறு சாமான்களைக் காட்டுகிறார்கள். நீங்கள் பார்த்தது எது என்று தெரிந்தால்தான் பதில்.

முதல் வகை சாதாரண உலர் கழிவறை, அதாவது தண்ணீர் ஊற்றாமல் மலத்தைக் காயவிடுவது. கூரைமேல் சின்ன பேனல், அது காற்றுப்போக்கிக் குழாயில் ஒரு ஃபேனைச் சுற்றும். சோலாரின் வேலை அத்தோடு முடிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நல்ல வகைதான். ஆனால் சுத்தம் செய்வது பேனல் அல்ல; காலமும் சாம்பலும்.

இரண்டாவது வகையில் மின்சாரமே கழிவுநீரைச் சுத்தம் செய்கிறது. கழிவறையைப் புதிதாக யோசியுங்கள் என்று கேட்ஸ் அறக்கட்டளை 2011-ல் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு சவால் விட்டது. வெளியிலிருந்து தண்ணீர்க் குழாய், சாக்கடை, கரண்ட் எதுவும் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 சென்ட்டுக்குமேல் செலவாகக் கூடாது. 2012 ஆகஸ்டில் முதல் பரிசான 1 லட்சம் டாலர் கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹாஃப்மன் குழுவுக்குப் போனது. அவர்கள் செய்தது இது: மலமும் சிறுநீரும் கலந்த நீரில் மின்தகடுகளை இறக்கி, சோலார் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். நம் சிறுநீரில் இருக்கும் உப்பிலிருந்தே குளோரின் உண்டாகிறது. அது கிருமியைக் கொல்கிறது, நிறத்தை எடுக்கிறது. தெளிந்த நீர் திரும்பவும் ஃப்ளஷ் தொட்டிக்கே போகிறது. மருந்து வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இதன் மாதிரிகளை இந்தியாவிலும் கொண்டுவந்து சோதித்தார்கள்.

மூன்றாவது வகை, வெயிலின் சூட்டையே பிடிப்பது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2014-ல் டெல்லியில் காட்டிய கழிவறையில், குழிவான கண்ணாடிகள் வெயிலைக் குவித்து, கண்ணாடி இழைகள் வழியாகக் கீழே அனுப்பும். அங்கே 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி மலம் கரியாகிவிடும். அந்தக் கரியை மண்ணில் போடலாம்.

இந்த இரண்டாவது, மூன்றாவது வகைகள் ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடியவை. மிக்சி வாங்குவதுபோல் கடையில் வாங்கி வந்து, கெட்டுப்போனால் தெருமுனையில் ரிப்பேர் பார்க்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உள்ளே போகும் தண்ணீர் எங்கே வெளியே வரும்? மின்தகடோ மோட்டாரோ போனால் யார் வந்து மாற்றுவார்? மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் ஊரில் வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிறது. கழிவுநீர் மொத்தத்தையும் வெயிலிலேயே ஆவியாக்கிவிட்டால் என்ன அக்கா? (விருதுநகர்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட் சக்தி வேண்டும். நாலு பேர் வீட்டில் ஃப்ளஷுக்கும் கழுவுவதற்கும் ஆளுக்கு 30 லிட்டர் என்றால் நாளைக்கு 120 லிட்டர். அதை ஆவியாக்க 84 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளைக்கு நாலு யூனிட் தரும் என்று வைத்தாலும் 21 கிலோவாட் தேவை. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால் 2,100 சதுர அடி மொட்டை மாடி. கக்கூஸுக்காக வீட்டையே பேனலால் மூட வேண்டும்!

இப்போது தண்ணீரைக் கலக்காமல் பாருங்கள். நாலு பேரின் மலம் நாளைக்கு ஒரு கிலோவுக்குள்தான் வரும். அதில் முக்கால் பங்கு நீர். உலர்த்தச் சுமார் அரை யூனிட் போதும். சிறுநீர் ஆளுக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர், அது தனிக் கேனுக்குப் போகட்டும்.

84 எங்கே, அரை எங்கே. ஒரு கையளவு அழுக்கை 120 லிட்டரில் கரைத்துவிட்டு, பிறகு அதைப் பிரித்தெடுக்க இயந்திரம் தேடுகிறோம். அதனால் யார் என்னிடம் எத்தனை வாட் பேனல் என்று கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றுதான்.

உலர் கழிவறை வெள்ளைக்காரனுக்குச் சரி, காகிதத்தால் துடைத்துக்கொள்வான். நாம் கழுவுகிறவர்கள். நமக்கு எப்படி ஒத்துவரும்? (கும்பகோணம்)

ஒத்துவந்த ஊர் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறி. அங்கே ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் கட்டிய கழிவறைகளில் தனித்தனி வழி உண்டு: மலத்துக்கு நடுவில் ஒரு துவாரம், சிறுநீருக்கு முன்னால் ஒரு சரிவு, கழுவுவதற்குச் சற்று நகர்ந்து உட்கார இன்னொரு இடம். கழுவிய நீர் வெளியே செடிப் படுகைக்குப் போகும். மலக்குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. போய் வந்ததும் ஒரு கை சாம்பல் போட வேண்டும். அறை நிரம்பினால் மூடிவிட்டு அடுத்த அறைக்கு மாற வேண்டியதுதான். மூடிய அறையை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் சும்மா விட்டால் மக்கிய எருவாகத்தான் வெளியே வரும். அங்கேயே பொதுக் கழிவறையும் கட்டி, வந்து போகிறவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். எரு கிடைக்கிறதல்லவா, அதற்கு.

அந்த ஒரு அடி நகர்ந்து உட்காருவதுதான் பழக வேண்டிய விஷயம். விருந்தாளி வந்தால் சொல்லிக்கொடுக்கக் கூச்சப்படுவார்கள், அங்கேதான் பல வீடுகளில் கெட்டுப்போகிறது.

நாற்றம் வருமா?

உள்ளே ஈரம் இருந்தால் வரும், காய்ந்திருந்தால் வராது.

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் 15 வருஷமாக நிரம்பவே இல்லை. நல்ல கட்டுமானம்தானே? (வேலூர்)

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, அது கெட்ட செய்தி. நிரம்பாத செப்டிக் டேங்க் என்று ஒன்று கிடையாது. ஒன்று, கொத்தனார் அடியில் தளமே போடாமல் உறை இறக்கியிருப்பார், எல்லாம் மண்ணுக்குள் போகிறது. அல்லது வெளிக்குழாய் தெருக் கால்வாயில் சேர்ந்திருக்கும், கசடும் சேர்ந்து ஊருக்குப் போகிறது.

செப்டிக் டேங்க் என்பது உண்மையில் ஒரு வண்டல் தொட்டி. கனமானது அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீர் வெளியேறும். அழுக்கில் பாதிகூடக் குறைவதில்லை. கிருமிகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மீதி வேலையை மண் செய்ய வேண்டும், அதற்குத்தான் உறிஞ்சு குழி. நம் ஊரில் உறிஞ்சு குழிக்கு இடமில்லை என்று அதை விட்டுவிடுகிறார்கள். பாதி வைத்தியம் செய்த நோயாளியைத் தெருவில் விடுகிற மாதிரி.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுங்கள். லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-ல் தமிழகத்தின் முதல் கசடுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கசடை மணல் படுகையில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். பேனலும் இல்லை, பேட்டரியும் இல்லை, அதுவும் சோலார்தான்.

இன்னொன்று. யாரையும், எந்தக் காரணத்துக்காகவும், தொட்டிக்குள் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஆள் விழுந்திருப்பார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி இறக்குகிறவர்மேல் வழக்கு வரும். சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கக் கூடாது.

பாக்டீரியா பவுடர், சாணி, ஈஸ்ட்... எது போட்டால் டேங்க் நிரம்பாது?

எதுவும் போட வேண்டாம். தேவையான பாக்டீரியாவை வீட்டில் எல்லோரும் தினமும் காலையில் இலவசமாகப் போடுகிறீர்கள். ஆசிட் ஊற்றுவதைக் குறைத்தால் போதும்.

ரயில் பயோ டாய்லெட்டைக் காட்டி விற்கிற பாக்டீரியாவைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் பனிமலை வீரர்களுக்காக உருவாக்கிய முறை அது. சென்னை ஐஐடி ஆராய்ந்தபோது, அதிலிருந்து வெளியேறும் நீர் செப்டிக் டேங்க் நீரைவிடப் பெரிதாக மேலில்லை என்று சொன்னார்கள். வீட்டுக்கு அதை வாங்கினாலும் பின்னால் செடிப் படுகையோ உறிஞ்சு குழியோ கட்டாயம்.

காற்று ஊதிச் சுத்தம் செய்யும் சின்னத் தொட்டி வாங்கியிருக்கிறோம். அதை சோலாரில் ஓட்ட முடியுமா? (கோவை)

முடியும். 40 வாட் ஏர் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள். 400 வாட் பேனல் தாராளம். சிக்கல் பேனலில் இல்லை, ராத்திரியில். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ராத்திரியும் மூச்சு வேண்டும். பல மணி நேரம் காற்று நின்றால் அழுகல் நாற்றம் அடிக்கும், நீர் கலங்கும். ஆகவே 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி ஒன்று வேண்டும், நாலைந்து வருஷத்தில் அதை மாற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால், கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊரில் பம்ப்பை ஈபியில் விட்டுவிட்டு, மாடிப் பேனலை நெட் மீட்டரில் இணையுங்கள். கணக்கு ஒன்றுதான், பேட்டரித் தலைவலி கிடையாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பம்ப்பை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். மிச்சம் பிடிப்பது இருபது முப்பது யூனிட். திரும்பி வந்து தொட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வாரக்கணக்காகும்.

அக்கா, எங்கட வளவில் கிணறும் மலசலகூடக் குழியும் 40 அடி தூரத்தில் இருக்கு. காணுமா? (யாழ்ப்பாணம்)

மணலோ களிமண்ணோ உள்ள இடத்தில் 10 மீட்டர், 15 மீட்டர் என்று சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் அடியில் சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்தும். வடிகட்ட மண் இல்லாமல் தண்ணீர் குழாயில் ஓடுவதுபோல் ஓடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் அளவு மீறியிருப்பது பழைய கதை. தோட்டத்து உரமும் காரணம், குழிகளும் காரணம்.

நைட்ரேட்டைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தக் கிணற்று நீரை, சோதிக்காமல், எடுக்காதீர்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் வேறு தண்ணீர்தான்.

உங்களுக்குத்தான் சிறுநீரைப் பிரிப்பது உண்மையில் உதவும். நம் உடம்பிலிருந்து போய் நைட்ரேட்டாக மாறும் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில்தான். அதைத் தண்ணீர் சேர்த்து வாழைக்கும் தென்னைக்கும் அளவாக ஊற்றுங்கள், ஒரே இடத்தில் கொட்டினால் அதுவும் கிணற்றுக்கே வரும். மலத்துக்கு, தரைக்கு மேலே தளம் போட்டுக் கட்டிய மூடிய அறை. குழியே வேண்டாம்.

கார்த்திகையில் எங்கள் ஊரில் மூன்றடி தோண்டினாலே ஊற்று. எந்த வகை நல்லது? (திருத்துறைப்பூண்டி)

யாழ்ப்பாணத்துக்குச் சொன்ன அதே உயரமான அறை. வெள்ளம் போன வருஷம் எட்டிய மட்டத்துக்கு மேலே தளம் இருக்கட்டும். இரட்டை உறைக்குழி அரசுத் திட்டத்தில் கிடைத்தாலும் உங்கள் ஊருக்கு வேண்டாம், அதன் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இரண்டு மீட்டர் மண் வேண்டும்.

தங்கச்சி, எனக்கு வயது 74, மூட்டு வலி. இந்தப் படியேறி உட்காருகிற கழிவறை என்னால் ஆகுமா?

ஆகாது அம்மா. உங்களுக்கு வீட்டுக்குள், மேற்கத்தியக் கோப்பை, பக்கத்தில் கைப்பிடி. மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள ஃப்ளஷ் வையுங்கள். மற்றதைப் பின்னால் தொட்டியில் பார்த்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழலுக்காக நீங்கள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நாப்கினைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

நானாவது பேசுகிறேன். எந்த வகைக் கழிவறைக்குள்ளும் போடாதீர்கள். உள்ளிருக்கும் ஜெல் ஊதிக் குழாயை அடைக்கும், பிளாஸ்டிக் மக்காது. அடைப்பு எடுக்கப் போன முக்கால்வாசி வீடுகளில் காரணம் இதுதான். வீட்டு ஆண்களுக்குத் தெரியாது, பெண்கள் சொல்ல மாட்டார்கள், நடுவில் நான் நிற்பேன். கழிவறைக்குள்ளேயே ஒரு மூடி போட்ட டப்பா வையுங்கள்.

குளித்த, துவைத்த தண்ணீரை என்ன செய்வது?

தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். ஜல்லி நிரப்பிய இரண்டடி ஆழத் தொட்டி, அதில் கல்வாழை, சம்பு, சேம்பு. தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியக் கூடாது, தெரிந்தால் கொசு. சமையலறை நீருக்கு முன்னால் எண்ணெய் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி. பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இதே தத்துவத்தில் தோட்டமே வளர்க்கிறார்கள்.

மேடம், உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. மூன்று அறை செப்டிக் டேங்க், பின்னால் 12 அடி நீளத்துக்கு ஜல்லிப் படுகை, அதில் கல்வாழை. வெளிவரும் நீர் வாழைக்கு. சோலார் என்றால் காற்றுப்போக்கிக் குழாயில் 5 வாட் ஃபேன் மட்டும். முதலில் ஆசைப்பட்டுப் பேட்டரியோடு ஏர் பம்ப் வைத்தேன். பேனலை முருங்கை மரத்தின் கிழக்கே வைத்துவிட்டதால் மத்தியானத்துக்குமேல் நிழல். ஐப்பசியில் நாலு நாள் மழை, பேட்டரி படுத்துவிட்டது, ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். பம்ப்பைக் கழற்றிப் பரணில் போட்டேன். முருங்கையை வெட்ட மனசு வரவில்லை.